சாம்பாரில் கலந்த மாத்திரை

மனச்சிதைவு நோய் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அண்ணனுக்கு 22 வயதில் இந்த நோய் வந்தது. தெருவில் யார் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பான். மாத்திரையை நீட்டினால், "எனக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு மாத்திரை?"ன்னு கேட்பான். அம்மா கெஞ்சிப் பார்த்தாங்க, அழுது பார்த்தாங்க. கடைசியில் மாத்திரையைப் பொடி பண்ணி சாம்பாரில் கலந்து கொடுக்க ஆரம்பிச்சாங்க. எங்ககிட்டகூடச் சொல்லலை.

ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் அம்மா ஒரு ராத்திரிகூட வெளியே தங்கினதில்லை. சொந்தத் தம்பி இறந்தப்பவும், எடுத்ததும் கிளம்பி விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டாங்க. சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசினாங்க. ராத்திரி சாப்பாட்டில் யார் கலக்கிறதுங்கிற கவலை அம்மாவுக்கு மட்டும்தானே தெரியும்?

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த அண்ணன், அம்மா கையில் பொடியைப் பார்த்துட்டான். ஒண்ணும் பேசலை. மறுநாளிலிருந்து வீட்டில் சாப்பிடறதை நிறுத்திட்டான். 'எல்லாரும் எனக்கு எதிரா இருக்காங்க' என்ற அவனுடைய சந்தேகத்துக்கு, நாங்களே சாட்சி கொடுத்த மாதிரி ஆயிடுச்சு.

இப்படிக் கலந்து கொடுக்கிற அம்மாக்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வேறு வழி தெரியாததால் செய்கிறார்கள். ஆனால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தனக்கு நோய் இருப்பதை உணராமல் இருப்பது பிடிவாதம் அல்ல, பல நேரங்களில் அதுவே நோயின் ஒரு பகுதி. இன்னொன்று, சில மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும். கை நடுங்கினாலும், பகலெல்லாம் தூக்கம் வந்தாலும், அது மருந்தால்தான் என்று அவருக்குத் தெரியாது. டாக்டரிடம் சொல்லவும் முடியாது.

அம்மா கடைசியில் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாங்க. அவர் திட்டலை. அண்ணன்கிட்ட நோயைப் பற்றி விவாதமே பண்ணலை. "தூக்கம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். தூக்கமில்லை என்பதை மட்டும் அண்ணன் ஒத்துக்கிட்டான். அங்கிருந்துதான் பேச்சு நகர்ந்தது. பல மாசம் கழித்து, மாதம் ஒருமுறை போடும் ஊசிக்குச் சம்மதிச்சான்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன் சார்பில் முடிவெடுக்க உதவும் ஒருவரை நோயாளியே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நியமிக்கப்படுகிறவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவர் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அண்ணன் என் பெயரை எழுதினான், அம்மா பெயரை எழுதலை. அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் அதுக்கப்புறம் ஊசி தேதி என் பொறுப்பாச்சு.

போன மாசம் அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாள் தங்கிட்டு வந்தாங்க. அண்ணன் இன்னமும் தானே பாத்திரத்திலிருந்து எடுத்துப் போட்டுத்தான் சாப்பிடறான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்காங்க, பரிமாறுவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் தனியாகச் சுமந்துகொண்டிருந்தால், ஒரு வேலையையாவது வாங்கிக்கொள்ளுங்கள். டெலி மானஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பார்த்துக்கொள்கிறவர்களும் கூப்பிடலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.