விதைக்குத் தெரிந்த வெப்பம்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"இன்னிக்கு 40 டிகிரி" என்று வானொலியில் சொல்லுவாங்க. அது எந்த இடத்து வெப்பம்? தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில், நிழல் கூண்டுக்குள் இருக்கும் காற்றின் வெப்பம். ஆனால் நாம் போட்ட விதை அங்கேயா இருக்கு? 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளே இருக்கு. அந்த இடத்தின் கதை வேறு.

பகல் வெப்பம் மண்ணுக்குள் அலைபோல இறங்குகிறது. சாதாரண மண்ணில் சுமார் 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அந்த அலையின் ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். மேற்பரப்பில் ஒரு நாளில் 30 டிகிரி வித்தியாசம் என்றால், 10 சென்டிமீட்டரில் 11, இருபதில் 4, முப்பதில் ஒன்றரைதான். வேகமும் குறைவு. மதியம் மேலே அடித்த சூடு, 30 சென்டிமீட்டர் ஆழத்தை எட்டும்போது நள்ளிரவு தாண்டிவிடும்!

மண் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1837-இல் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி எரிமலைப் பாறை, தோட்டத்து மணல், மணற்கல் ஆகிய மூன்று இடங்களில், ஏறத்தாழ 8 மீட்டர் ஆழம் வரை வெப்பமானிகளைப் புதைத்தார். பின்னாளில் கெல்வின் பிரபு அதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, மணலைவிட மணற்கல் ஏறக்குறைய 4 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது தெரிந்தது. இரண்டிலும் இருப்பது மணல்தானே? தளர்ந்த மணலில் இடைவெளி அதிகம். அங்கே இருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

நம்ம ஊர் மண்ணுக்கும் இதுதான் விதி. காய்ந்த தேரி மணலில் சூடு கீழே இறங்காமல் மேலேயே தங்கும். அதனால்தான் கால் வைக்க முடிவதில்லை. கரிசல் கருப்பாக இருப்பதால் வெயிலை அதிகம் வாங்கும் என்பது உண்மை. ஆனால் ஈரத்தோடு இருக்கும் கரிசல் மெதுவாகத்தான் சூடாகும். ஒரே கன அளவுக்கு, தண்ணீரைச் சூடாக்க உலர்ந்த மண்ணைப் போல சுமார் 3 மடங்கு வெப்பம் வேண்டும். நிறத்தை நாம் மாற்ற முடியாது. ஈரத்தையும் மூடாக்கையும் மாற்ற முடியும்.

இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்கு முந்தைய நாலைந்து வாரம் வறட்சியில் கிடந்து, காய் இருக்கும் மண் 30 டிகிரியை ஒட்டி நின்றால், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைத் தரும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடைசி ஈரம் காயை மட்டுமல்ல, அதைத் தின்னப்போகும் பிள்ளையையும் காப்பாற்றுகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண் வானிலை நிலையங்களில் 5, 10, 20 சென்டிமீட்டரில் காலை 7 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் மண் வெப்பம் பார்ப்பது வழக்கம். நமது பண்ணையில் செம்மண் வயலிலும் கரிசல் வயலிலும் அதையே ஓராண்டு விடாமல் எழுதி வையுங்கள். வெப்பமானிக்கு ஆகும் செலவைப் பழைய மாணவர்களாகிய நாங்கள் ஏற்கிறோம். அடுத்த சந்திப்பில் அந்த நோட்டுப் புத்தகத்தை இந்த மேடையில் நீங்கள் படிக்க, நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும்.