மருத்துவமனை அறநெறிக் குழுவும் அதில் அமர்வோரும்

(விழாச் சிறப்புக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நோயுற்றவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்பதை மருத்துவ நூல் கூறும். அம்மருத்துவத்தை எதுவரை தொடர வேண்டும், நோயாளி பேச இயலாத நிலையில் அவர் விருப்பத்தை யார் எடுத்துரைக்க வேண்டும், பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபட்டால் யார் சொல்லைக் கேட்க வேண்டும் என்னும் வினாக்களுக்கு அந்நூலில் விடை இல்லை. இவ்வினாக்களைக் கூடியிருந்து ஆராய்வதற்கென மருத்துவமனைக்குள்ளேயே அமைக்கப்பெறுவது மருத்துவ அறநெறிக் குழு. மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் சமய குருவும் சட்டம் அறிந்தவரும் அதில் அமர்கின்றனர். அவர்களுடன், மருத்துவமனையைச் சாராத பொதுமக்களுள் ஒருவருக்கும் இடம் தரப்படுகிறது. அவர்கள் எதற்காக அங்கே இருக்கிறார்கள் என்பதை அறிய, அமெரிக்காவில் 60 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

சிறுநீரகம் முற்றும் செயலிழந்தவர்க்கு அந்நாளில் மரணம் ஒன்றே முடிவாக இருந்தது. இரத்தத்தைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் இயந்திரம் இருந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயைக் கீறித் திறக்க வேண்டியிருந்ததால், சில முறைகளுக்குமேல் அதனைச் செய்ய இயலவில்லை. 1960-இல் சியாட்டில் நகரத்து மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிலையாகப் பொருத்திவைக்கத் தக்க டெஃப்லான் குழாய் ஒன்றை உருவாக்கினார். அதனைப் பெற்ற முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1962-இல் அந்நகரில் செயற்கைச் சிறுநீரக மையம் திறக்கப்பட்டது. படுக்கைகளோ மிகச் சில; வேண்டி நின்றவர்களோ பலர். முதலில் மருத்துவர் குழு உடல்நிலையை ஆராய்ந்து தகுதியானவர்களைப் பிரித்தது. அவர்களிலும் எல்லோருக்கும் இடமில்லை. எஞ்சிய தேர்வு ஏழு பேரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிலாளர் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் ஆகியோரே அந்த எழுவர். அவர்கள் ஊதியம் பெறவில்லை. அவர்கள் பெயரும் வெளியிடப்படவில்லை.

எதைக் கொண்டு தேர்வது என்பதை அவர்களுக்கு எவரும் வகுத்துத் தரவில்லை. ஆகவே நோயாளியின் வயது, மணவாழ்க்கை, பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், கல்வி, தொழில் ஆகியவற்றைப் பார்த்தனர். ஊருக்கு உழைத்தவரா, எதிர்காலத்தில் பயன்படக் கூடியவரா என்றும் ஆராய்ந்தனர். 1962 நவம்பரில் ‘லைஃப்’ இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை இதனை உலகறியச் செய்தது. படித்தவர்கள் திடுக்கிட்டனர். அந்த எழுவரும் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். தமக்குக் கிட்டிய விவரங்களைக் கொண்டு, மனச்சான்றுக்கு அஞ்சியே முடிவு செய்தனர். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட துலாக்கோல் தவறானது. ஊரில் நற்பெயரும் நிலையான தொழிலும் குடும்பமும் உடையவர் பக்கம் அது தாழ்ந்தது. தனித்து வாழ்ந்தவர், ஏழை, ஊரோடு ஒட்டாதவர் ஆகியோர்க்கு அதில் எடை குறைந்தது. தம்மைப் போன்றவரையே தாம் தகுதியுடையவராகக் காண்பது மனித இயல்பு. ஏழு நல்லவர்கள் கூடினாலும் அவ்வியல்பு மறைந்துவிடுவதில்லை.

இச்சிக்கலுக்கு அக்குழுவால் தீர்வு காண முடியவில்லை. 1972-இல் அமெரிக்கப் பாராளுமன்றம், சிறுநீரகம் செயலிழந்தோரில் ஏறத்தாழ அனைவர்க்கும் டயாலிசிஸ் செலவை அரசுக் காப்பீட்டுத் திட்டமே ஏற்கும் என்று சட்டம் இயற்றியது. அதன்பின் அத்தகைய தேர்வுக்குத் தேவை இல்லாது போயிற்று.

குழு என்னும் எண்ணம் வேறொரு வடிவில் மீண்டும் வந்தது. 1975 ஏப்ரலில் நியூஜெர்சி மாநிலத்தில் கேரன் ஆன் குவின்லன் என்னும் 21 வயதுப் பெண் மூச்சு நின்று மயங்கி விழுந்தாள். பின் நினைவு திரும்பவே இல்லை. செயற்கைச் சுவாசக் கருவியை அகற்றுமாறு பெற்றோர் வேண்டினர், மருத்துவர்கள் மறுத்தனர். 1976 மார்ச் 31 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் தந்தையின் வேண்டுகோளை ஏற்றது. நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்னும் மருத்துவர் கருத்தை மருத்துவமனையின் அறநெறிக் குழுவும் உறுதிசெய்ய வேண்டும் என்று கூறியது. கருவி அகற்றப்பட்ட பின்னும் அப்பெண் தானே மூச்சுவிட்டு 1985 ஜூன் வரை உயிரோடிருந்தாள். மருத்துவர் கணிப்புக்கும் உயிரின் போக்குக்கும் உள்ள இடைவெளியைக் குழுக்களில் அமர்வோர்க்கு இன்றும் நினைவூட்டுகிறது அவள் வரலாறு.

இத்தீர்ப்புக்குப் பின் அமெரிக்க மருத்துவமனைகளில் இக்குழுக்கள் பெருகின. சியாட்டில் கற்பித்த பாடத்தை அவை மறக்கவில்லை. யார் வாழத் தகுதியுடையவர் என்று இன்றைய குழு கேட்பதில்லை. பெரும்பாலும் அது அறிவுரை மட்டுமே கூறுகிறது. முடிவு நோயாளியிடமும் அவர் குடும்பத்திடமும் மருத்துவரிடமும் இருக்கிறது.

அதன் பணியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பக்கவாதத்தால் நினைவிழந்த முதியவர் ஒருவர் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். வெளியூரிலிருந்து விரைந்து வந்த மகன், எதையும் நிறுத்தக் கூடாது என்கிறார். மனைவியோ, இயந்திரத்தின் பிடியில் கிடக்க வேண்டாம் என்று கணவர் பலமுறை சொன்னதை நினைவுகூர்கிறார். மருத்துவர் இருவரிடையே நின்று தயங்குகிறார். குழு கூடியதும் முதலில் நோயின் உண்மை நிலையை எல்லோர்க்கும் விளங்கும் மொழியில் சொல்லச் செய்கிறது. இரவெல்லாம் கட்டிலருகே இருந்த செவிலியர், கூட்டத்தில் தாமாகப் பேசத் தயங்குவார். அவர் கண்டதைக் கேட்டறிகிறது. முதியவர் அச்சொற்களை எப்போது, எந்தச் சூழலில் சொன்னார் என்று மனைவியை வினவுகிறது. மகனின் பிடிவாதத்துக்குக் காரணம், தந்தை நலமாயிருந்தபோது வந்து பார்க்கவில்லையே என்னும் துயரமாகவும் இருக்கலாம். அதனைச் சொல்லி அழ அவருக்கு நேரம் கிடைத்தபின், தாயின் சொல் அவர் செவியில் விழத் தொடங்குகிறது.

இங்கேதான் பொது உறுப்பினரின் இடம் விளங்குகிறது. மருத்துவர்கள் தம் குறிச்சொற்களால் பேசும்போது, “இதற்கு என்ன பொருள்?” என்று அஞ்சாமல் கேட்பவர் அவரே. அவ்வினாவால், கேட்க நாணியிருந்த மனைவிக்கும் விடை கிடைக்கிறது.

இந்தியாவிலும் இவ்வினா வாயிலில் வந்து நிற்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், மாண்போடு இறக்கும் உரிமையையும், ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்தமையால் 2023 ஜனவரியில் அதனை எளிதாக்கியது. நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் அவ்வாவணத்தை உறுதிசெய்தால் போதும். உயிர்காக்கும் மருத்துவத்தை நிறுத்துவது பற்றி முதல்நிலை மருத்துவ வாரியமும், அதன்பின் இரண்டாம் நிலை வாரியமும் ஆராய வேண்டும். ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்க வேண்டும். இவ்விரு வாரியங்களிலும் அமர்பவர்கள் மருத்துவர்களே. புதிய மருந்துகளை மக்களிடம் ஆய்ந்து பார்ப்பதற்கான அறநெறிக் குழுவில் பொதுமனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. படுக்கையருகே எழும் வினாக்களுக்கும் அத்தகைய இருக்கை ஒன்று வேண்டும் என்பது சிந்திக்கத் தக்கது.

அவ்விருக்கைக்கு அழைக்கப்பெறுபவர் பெரும்புலவராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாதிருக்க வேண்டும். தம் நம்பிக்கையைப் பிறர்மேல் ஏற்றாதிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படுக்கையில் இருப்பவரின் செல்வத்தையும் குலத்தையும் புகழையும் பயனையும் எண்ணாமல், அவரை ஓர் உயிராக மட்டும் காணும் பழக்கம் வேண்டும். சியாட்டில் நகரத்து எழுவருக்கு வாய்க்காமற்போன அப்பழக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் இன்றே தொடங்கலாம். பெரியவர்கள் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லி எழுதிவைப்பதும், பிள்ளைகள் அதை மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்வதும் அதன் முதற்படியாகும்.