மூன்று நிமிடம் கேட்ட ஆசிரியை

இன்றைய பேச்சு ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையைப் பற்றியது. ஷோகோ என்ற காது கேளாத சிறுமி ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்கிறாள். ஐந்தே மாதத்தில் அவளுடைய காது மிஷின்கள் எட்டு, உடைந்தோ தொலைந்தோ போகின்றன. மதிப்பு 17 லட்சம் யென். தாய் புகார் சொன்ன பிறகுதான் தலைமையாசிரியர் வகுப்புக்கு வருகிறார்.

அதுவரை வகுப்பாசிரியர் எங்கே போயிருந்தார்? எங்கும் போகவில்லை. பிள்ளைகள் அவளைக் கேலி செய்தபோது அவருக்கும் சிரிப்பு வந்தது. விசாரணை என்றதும் இஷிதா என்ற ஒரே பையனின் பெயரைச் சொன்னார். கூடச் சிரித்த கூட்டமும் அவனைக் கைகாட்டியது. அன்றிலிருந்து அடிவாங்குபவன் அவன்!

'கோயே நோ கதாச்சி' என்ற அந்தக் கதையை எழுதி வரைந்தவர் யொஷிதோகி ஓயிமா. அவருடைய அம்மா சைகைமொழி மொழிபெயர்ப்பாளர். 2008-இல் புதியவர்களுக்கான பரிசை வென்றும், விஷயம் சிக்கலானது என்று கதை அச்சேறவில்லை. ஜப்பான் காது கேளாதோர் கூட்டமைப்பு ஆதரவு தந்தபின் 2011-இல் வெளிவந்தது. 2016-இல் திரைப்படமும் ஆனது.

காது மிஷின் மூக்குக்கண்ணாடி போன்றதல்ல, ஐயா. மாட்டியதும் எல்லாம் தெளிந்துவிடாது. பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே அது பெருக்கும். உதட்டைப் படிக்க முகம் தெரிய வேண்டும். முதுகுக்குப் பின்னால் விழும் சொல் ஷோகோவுக்கு எட்டாது. எதிரே இருப்பவர்களின் சிரிப்பு மட்டும் தெரியும். காரணம் புரியாமல் அவளும் சிரிப்பாள். வகுப்பு ஒற்றுமையாக இருக்கிறது என்று ஆசிரியர் நிம்மதி அடைவார்.

ஜப்பானில் 2013-இல் பள்ளிக் கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு செயலால் பாதிக்கப்பட்ட பிள்ளை வேதனைப்பட்டால் அந்தச் செயல் கொடுமை என்கிறது சட்டம். நல்ல விளக்கம்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் சிரித்து, தானே மன்னிப்பும் கேட்கும் ஷோகோவின் வேதனையை யார் கண்டுபிடிப்பது?

கதையில் ஓர் ஆசிரியை முயல்கிறார். தினமும் காலையில் மூன்று நிமிடம் எல்லோரும் சைகைமொழி கற்கலாமா என்று கேட்கிறார். நோட்டில் எழுதிக் காட்டினால் போதாதா என்கிறாள் உஎனோ என்ற மாணவி. சஹாரா என்ற சிறுமி மட்டும் முன்வருகிறாள். வகுப்பு அவளையும் கேலி செய்ய, அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள்.

ஆசிரியையின் மனசு நல்லது. கேட்ட விதம்தான் தவறு. கணக்குப் பாடம் நடத்தலாமா என்று எந்த ஆசிரியரும் வகுப்பின் சம்மதம் கேட்பதில்லை. அந்த மூன்று நிமிடம் கால அட்டவணையில் இருந்திருந்தால் சஹாரா தனியாக முன்வர வேண்டிய நிலையே வந்திருக்காது.