வெயிலுக்கும் விலை உண்டு



ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஏற்றது சிங்கப்பூரா, சொந்த ஊரா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், ஒரு வெள்ளிக்கு அறுபது ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது, தேக்காவில் ஒருவர் சாப்பிடும் காசில் திருச்சியில் குடும்பமே சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டுக் கைதட்டலும் வாங்கினார். கணக்கு சரி. நானும் அதே கணக்கைப் போட்டுத்தான் 2024 மார்ச்சில், மூன்று மாதம் இருந்து பார்ப்போம் என்று மனைவியுடன் திருச்சிக்கு விமானம் ஏறினேன்.

தம்பி வீடு. வாடகை இல்லை. காய்கறி மலிவு, பால் வாசலுக்கே வந்தது. முதல் மூன்று வாரம், 'ஏன் இத்தனை வருடம் அங்கே கிடந்தோம்' என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் சித்திரை பிறந்தது. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. காலை பத்து மணிக்குச் சாத்திய கதவை மாலை ஐந்துக்குத்தான் திறந்தோம். பகல் முழுக்கக் குளிர்சாதனம். கூப்பிடு தூரத்துக் கடைக்கும் ஆட்டோ. இந்தச் செலவெல்லாம் நண்பரின் கணக்கில் எங்கே? ஒருநாள் மனைவி மயங்கி விழுந்தார். உடம்பில் நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். நன்றாகவே கவனித்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மெடிசேவில் இருக்கும் பணத்தில் ஒரு காசுகூட அங்கே செல்லாது. கையிலிருந்து கட்டினேன்.

சிங்கப்பூரில் வெயில் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி. 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்தைத் தொட்டுவிட்டது. இரவிலும் புழுக்கம் விடுவதில்லை. ஆனால் இங்கே நிழலை நான் காசு கொடுத்து வாங்குவதில்லை. புளோக்கின் கீழ்த்தளம், அங்கிருந்து கூரை போட்ட நடைபாதை, ரயில். லிட்டில் இந்தியாவில் இறங்கினால் சிராங்கூன் சாலை அஞ்சடி. கட்டடங்களுக்கு முன்னால் கூரையுள்ள நடைவழி தொடர்ந்து இருக்க வேண்டும் என்று 1822இலேயே ராஃபிள்ஸ் எழுதிவைத்தார். 2013இல் தொடங்கிய திட்டத்தில், ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்குக் கூரை நீண்டது. 66 வயதில், முழங்கால் வலியோடு, முற்பகல் பதினொரு மணிக்கு நான் தேக்காவில் மீன் வாங்குகிறேன். திருச்சியில் அந்த நேரத்தில் சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

விலைவாசியை நான் மறைக்கவில்லை. 2022 வரை 7 விழுக்காடாக இருந்த பொருள், சேவை வரி 2024இல் 9 ஆனது. மீன்காரரிடம் பேரம் பேசுவது என் மனைவிக்கு இப்போது முழுநேர வேலை!

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தை மாதத்துத் திருச்சிக்கு ஈடாக இங்கே ஒரு மாதமும் கிடையாது. அதனால், வீவக வீட்டை விற்பதில்லை, மார்கழியில் போய் மாசியில் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். தம்பிக்கு வருத்தம்தான். "வீட்டை வித்துட்டு வந்தா இங்க ராஜா மாதிரி இருக்கலாமே அண்ணே" என்று போனில் இன்னும் சொல்கிறான். "ராஜாவுக்குக் குடை பிடிக்க ஆள் இருந்துச்சுடா, எனக்கு யார் இருக்கா?" என்றேன். சிரித்தான். அடுத்த சித்திரைக்கு அவனே இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறான்.