நடையும் பொறுமையும்

(ஆமத்தூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மேலுக்குச் சிறியதாகத் தோன்றும். தினந்தோறும் தேகாப்பியாசம் செய்தும் உடலின் எடை விரைவிற் குறையாதபோது, மனந்தளராது அதைத் தொடர்ந்து செய்வது எவ்வாறு என்பதே அது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள நமது ஆமத்தூர்ப் பகுதியில், விடியற்காலையில் சாலையோரத்திலும் கண்மாய்க்கரையிலும் கைவீசி நடப்போரை இப்பொழுது எங்கும் காண்கிறோம். வாலிபர்கள் இதனைக் 'கார்டியோ' என்கிறார்கள். இருதயத்தையும் சுவாசத்தையும் உழைக்கச் செய்யும் அப்பியாசம் என்பது அதன் பொருள். நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் யாவும் இதில் அடங்கும். இது மிகவும் சந்தோஷிக்கத்தக்க மாறுதலே.

ஆனால், தை மாதத்தில் உற்சாகத்துடன் தொடங்கியவர்களில் அநேகர் பங்குனிக்குள் நின்றுவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "நாற்பது நாள் விடாமல் நடந்தேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை, இனி நடந்து என்ன பயன்?" என்கிறார்கள். சோம்பேறிகள் நின்றால் அதில் வியப்பில்லை. நாற்பது நாள் ஒழுங்காக நடந்தவரே நின்றுவிடுவதுதான் நமக்கு வருத்தத்தைத் தருகிறது. அவர்கள் நடையை நிறுத்தியது கால் வலியால் அன்று. தராசு சொன்ன ஒரு சொல்லால். ஆகவே, அந்தத் தராசின் சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை முதலில் விசாரிப்போம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைக் கேட்கவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தேசமெங்கும் நடந்த பரிசோதனையின் முடிவு 2023-ஆம் வருஷம் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு இரத்த அழுத்தம். நூற்றுக்கு 39 பேருக்கு வயிற்றுப் பருமன். நமது முன்னோர் வண்டி கட்டிச் சந்தைக்குச் சந்தை சென்றும், மூட்டை சுமந்தும் பிழைத்தார்கள். நாமோ கல்லாப்பெட்டியின் முன்னும், அச்சு ஆபீசிலும், கணினியின் எதிரிலும் பகல் முழுதும் அமர்ந்திருக்கிறோம். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருக்கும் நமது சகோதரிகளிற் பலரும் இருந்த இடத்திலேயே இருந்து கைவேலை செய்கிறவர்கள். குடும்பத்தைத் தாங்கும் ஒருவர் நாற்பத்தைந்து வயதில் படுத்துவிட்டால் அந்த வீட்டின் கதி யாது என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

நிற்க. எடை ஏன் மெதுவாகக் குறைகிறது? இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியிருப்பதோ சுமார் 7,700 கலோரி. ஆகவே, உணவில் ஒரு பிடிகூட ஏறாமல் இருந்தாலும், ஒரு கிலோ கரைய ஐம்பது நாள் செல்லும். நாற்பதாம் நாளில் தராசு மௌனமாக இருந்தால் அது நடந்தவருடைய குற்றமன்று, கணக்கு அவ்வளவே.

வரவுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. விருதுநகர்ப் பொரித்த பரோட்டாவின் கீர்த்தியையும், சாத்தூர்ச் சேவின் மணத்தையும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் இனிப்பையும் நாம் குறைத்துப் பேச வரவில்லை; அவை நமது ஜில்லாவின் பெருமைகள். ஆயினும், காலையில் அரைமணி நடந்து செலவிட்டதை மாலையில் ஒரே பரோட்டா திரும்பக் கொடுத்துவிடும் என்பது உண்மை. 'நடந்தோமே' என்ற தைரியத்தில் ஒரு கவளம் அதிகமாக உண்பது மனித சுபாவம். உடலும் தன் பங்குக்குச் சிக்கனஞ் செய்கிறது. ஆப்பிரிக்காவில் தான்சானியா தேசத்தில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா என்னும் மக்களை ஹெர்மன் பான்ட்ஸர் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 2012-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நாள்தோறும் அவ்வளவு நடக்கும் அந்த மக்களும், நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் அமெரிக்கரும், தேக அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு நாளில் செலவிடும் சக்தி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததாம். உழைப்பு கூடும்போது உடல் வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இதனால் பெறப்படுவது யாது? எடையை இறக்குவதில் அடுப்படிக்கு உரிய பங்கு பெரிது. நடைக்கு உரிய பங்கு சிறிது. 'அப்படியானால் நடப்பது வீண்தானே!' என்று சிலர் எழுந்துவிடக்கூடும். சற்று அமரும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இனித்தான் முக்கியமான விஷயத்திற்கு வருகிறோம்.

நமது தமிழ்நாட்டிலேயே, சென்னையில், டாக்டர் அ. ராமச்சந்திரன் அவர்களும் அவருடைய சகாக்களும் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று வருஷ காலம் கவனித்து, 2006-ஆம் வருஷம் அதன் முடிவை வெளியிட்டார்கள். இவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மற்றொரு பிரிவாருக்கு நாளும் அரைமணி வேகநடையும் உணவில் மிதமும். மூன்றாம் பிரிவாருக்கு மாத்திரை. நான்காம் பிரிவாருக்கு இரண்டும். மூன்று வருஷத்தில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளானார்கள். நடையும் மிதவுணவும் கைக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேரே ஆளானார்கள். மாத்திரை உண்டவர்களின் கணக்கும் ஏறக்குறைய அதுவே. இதில் கவனிக்கவேண்டிய அதிசயம் ஒன்றுண்டு. நடந்தவர்களுடைய எடை சொல்லத்தக்க அளவு குறையவில்லை! தராசு 'பயனில்லை' என்றது. இரத்தப் பரிசோதனையோ 'பயனுண்டு' என்றது. தராசின் சொல்லைக் கேட்டு முதல் வருஷத்திலேயே அவர்கள் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடல் கடந்த நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. லண்டன் மாநகரில் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர், இரட்டைமாடி பஸ்களில் வேலை செய்தோரை ஆராய்ந்து 1953-இல் எழுதினார். நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. பின்னர் அவர்களுக்குத் தைத்த உடுப்பின் இடுப்பளவையும் எடுத்துப் பார்த்தார்கள். ஒல்லியான கண்டக்டரானாலும் பருத்த கண்டக்டரானாலும், படியேறிய நன்மை அவரை விட்டுப் போகவில்லை.

தராசை நம்பிப் பிழைக்கும் வர்த்தகர்கள் நம்மில் அநேகர். தராசைப் பழிப்பது நமக்கு ஆகாது. ஆனால், எந்த வர்த்தகராவது ஒரு நாள் கல்லாவில் விழுந்த ரொக்கத்தை மாத்திரம் எண்ணித் தம் கடையின் நிலையைத் தீர்மானிப்பாரா? சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் யாவற்றையும் பேரேட்டில் பார்த்து ஐந்தொகை எடுத்தல்லவோ லாப நஷ்டம் சொல்வார்? தேகத்திற்கும் ஐந்தொகை உண்டு. எடை அதில் ஒரே ஓர் இனம்; அதுவும் நாளுக்கு நாள் மாறும் இனம். முந்தின இரவு உப்புக் கூடினால் உடலில் நீர் தங்கி எடை ஏறும். அப்பியாசம் தொடங்கிய புதிதில் தசைகள் மாவுச்சத்தையும் அதனுடன் நீரையும் சேமிப்பதாலும் சற்று ஏறும். ஆதலால் நாள்தோறும் நிறுத்துப் பார்த்து வருந்துவோர், வாரத்திற்கு ஒரு முறை, அதே கிழமையில், அதே வேளையில் நிறுத்தால் போதும்.

மற்ற இனங்களை எழுதிவையுங்கள். ஆண்களுக்கு அரைஞாண் கயிறே போதிய சாட்சி. அது தளர்ந்தால் வயிற்றுக் கொழுப்புக் கரைகிறது என்று பொருள். இந்தியரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்பளவின் எல்லை என்று மருத்துவர் சொல்கிறார்கள். தையற்காரரின் நாடாவே அதற்குப் போதும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பை ஒரு நிமிஷம் எண்ணுங்கள்; அப்பியாசம் உடலில் ஊறினால் அது மெல்ல இறங்கும். மூன்று மாதத்திற்கொருமுறை சர்க்கரையையும், இடையிடையே இரத்த அழுத்தத்தையும் பார்த்து எழுதுங்கள். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினோமா, இரவில் அயர்ந்து தூங்கினோமா என்பதையும் குறியுங்கள். இப்படி எழுதியவருக்கு நாற்பதாம் நாளில் தராசு ஒன்றும் சொல்லாவிட்டாலும், வேறு இரண்டு மூன்று சாட்சிகள் பேசும்.

பொறுமையைப் பற்றி நமது ஜில்லாவுக்கு வெளியூரார் கற்பிக்கவேண்டுவதில்லை. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை எவ்வாறு நடந்தது? வீடுதோறும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசியால் பள்ளிக்கூடம் நடந்தது. அதிலே காமராஜர் படித்தார். அன்றன்று பானையில் விழுந்த பிடியைப் பார்த்து 'இதனாற் பள்ளி நடக்குமா?' என்று எந்தத் தாயும் கேட்டிருந்தால், பள்ளியும் இல்லை, படித்த பிள்ளையும் இல்லை. ஒரு நாள் நடையும் ஒரு பிடி அரிசியே. அது பிடிக்கப் பிடிக்க நிறைகிறது. நிறைவது மாத்திரம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி, அனுஷ்டானத்திற்குரிய சில வார்த்தைகள். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் விதித்தபடி, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான அப்பியாசமும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுத்தரும் பயிற்சியும் வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாட்டு அரசார் ஜில்லாதோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை ஏற்படுத்தினார்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் அதனைக் கண்டு மலைக்கவேண்டாம். பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். பேசலாம், ஆனால் பாட முடியாது என்ற அளவில் வேகம் இருந்தால் அது தக்க வேகம்.

பழக்கம் வேரூன்றக் காலம் பிடிக்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சிலருக்கு 18 நாளும், சிலருக்கு 254 நாளும் ஆகும் என்றும், நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்றும் கண்டார்கள். ஆகவே நாற்பதாம் நாளில் நிற்பவர், கிணறு வெட்டி நீர் ஊறுமுன் மண்வெட்டியைக் கீழே போடுகிறவர். ஒரு நாள் தவறிப்போனால் பழக்கம் அழிந்துவிடாது என்பதும் அதே ஆராய்ச்சியிற் கண்டதே. கல்யாணம், திருவிழா, மழை என்று ஒரு நாள் தவறலாம். மறுநாள் தவறாதிருப்பதே விரதம்.

தனியாக நடப்பவர் எளிதில் நிற்பார். துணையோடு நடப்பவர் துணைக்காகவேனும் எழுவார். ஆதலால் தெருவுக்கு நால்வராகச் சேருங்கள். முக்கியமாக நமது தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 'வீட்டு வேலை போதாதா? ஊரார் என்ன சொல்வார்?' என்று அவர்களைத் தடுப்பது நியாயமன்று. அந்த அரைமணி நேரத்திற்கு அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது புருஷர்களுடைய கடமை. பகல் முழுதும் உடலால் உழைக்கும் கூலித் தொழிலாளர்களுக்கோ வேறு நடை வேண்டுவதில்லை. நல்ல உணவும் ஓய்வுமே வேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். நமது வெயில் கொடியது. கோடையில் சூரியோதயத்திற்கு முன்னோ மாலை சாய்ந்த பின்னோ நடப்பதே நலம். இருட்டில் சாலையில் நடப்போர் வெள்ளுடை அணிந்து, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு ஓரமாக நடக்கவேண்டும். நடக்கும்போது மார்பு வலியோ தலைச்சுற்றலோ கண்டால் உடனே நின்று வைத்தியரை நாடவேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கவேண்டும். உணவும் அளவாக, நடையும் ஒழுங்காக இருந்தும் எடை ஏறிக்கொண்டே போனால், தைராய்டு முதலிய காரணம் இருக்கக்கூடும், அதனைப் பரிசோதிக்கவேண்டும்.

சகோதரர்களே! நாம் சொல்ல வந்தது ஒன்றே. எடை குறைவது நடையின் கூலி என்று எண்ணினால், கூலி தாமதிக்கும்போது மனம் சோரும். நோயின்றி, பிறர் கையை எதிர்பாராமல், பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்து நடக்கும் முதுமையே அதன் கூலி; எடை குறைந்தால் அது மேல்வரும்படி. இடையில் நின்றுவிட்ட அன்பர்கள் அனைவரும் நாளை விடியலிலேயே மீண்டும் புறப்படும்படியும், நடந்துகொண்டிருப்பவர்கள் ஆளுக்கொரு துணையைச் சேர்த்துக்கொள்ளும்படியும் வணக்கத்துடன் வேண்டிக்கொள்கிறோம்.