கறையான் வீட்டுக் குடிகள்



தேனீயையும் கிளியையும் ஒரே மேடையில் ஏற்றுவானேன் என்று அழைப்பிதழைப் பார்த்ததும் பலருக்குத் தோன்றியிருக்கும். பூச்சியியலாருக்கு ஓர் அரங்கு, பறவையியலாருக்கு வேறோர் அரங்கு என்று பிரித்தே பழகிவிட்டோம். இந்த முறை எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம், மரத்தில் தொங்கும் கறையான் புற்று.

இந்தோனேசியாவின் வட மலுக்குத் தீவுகளில் அப்படிப்பட்ட புற்றுக்குள் வாழ்வது மெகாகைல் புளூட்டோ; தேனீக்களில் அதுதான் உலகிலேயே பெரியது. அங்கிருந்து கிழக்கே, நியூ கினியின் தாழ்நிலக் காடுகளில் மரப்புற்றைக் குடைந்து முட்டையிடுவது மைக்ரோப்சிட்டா பூசியோ. குள்ளக்கிளி வகையைச் சேர்ந்த அது, உலகின் மிகச் சிறிய கிளி. பெண் தேனீயின் நீளம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். கிளியின் நீளம் 84. ஒரு பூச்சி கிளியின் பாதி நீளத்தைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடிக்கிறது!

இரண்டும் புற்றை ஆளும் விதம்தான் வேறு. தேனீ தன் பெரிய தாடைகளில் மரப்பிசினை உருட்டி வந்து, சுரங்கத்துக்கும் அறைகளுக்கும் பூசுகிறது. கறையான் உள்ளே வராது, ஈரமும் புகாது. கிளிக்குப் பிசினும் இல்லை, பூசும் வேலையும் இல்லை. அது குடைந்துவிட்டுப் போகும். திறந்துபோன வழிகளைக் கறையான்களே மண்பூசி அடைத்துக்கொள்ளும். குடி வந்தவருக்கு வீட்டுக்காரரே சுவர் எழுப்பித் தருவதுபோல.

புளூட்டோவைத் தனித்தேனீ என்றே பட்டியலிடுகிறோம். ஆனால் 1981இல் பூச்சியியலாளர் ஆடம் மெசர் அதை மீண்டும் கண்டபோது, ஒரே கூட்டில் பல பெண் தேனீக்கள் இருந்தன. அவரவர் அறை அவரவருக்கு, வாசல் பொது. குள்ளக்கிளிகளும் ஒரே பொந்தில் பல சேர்ந்து இரவைக் கழிப்பவை. 'தனி' என்ற முத்திரையைச் சற்று நிதானமாகக் குத்துவது நல்லது.

வணிகம் என்று வரும்போது இரண்டின் தலைவிதியும் பிரிகிறது. குள்ளக்கிளி மரப்பட்டையில் படரும் லைக்கனையும் பூஞ்சையையும் கொறித்து வாழ்வது. கூண்டில் அதைப் பிழைக்கவைக்கும் முயற்சிகள் பலிக்கவில்லை. அதே வட்டாரத்து லோரிகளும் கொண்டைக்கிளிகளும் வலையில் சிக்கிச் சந்தைக்குப் போக, இதை மட்டும் அதன் வயிறு காப்பாற்றியது. தேனீக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வாங்குபவருக்குச் செத்த உடலே போதும். 1858-59இல் இயற்கையியலாளர் வாலஸ் பச்சான் தீவில் பிடித்த இனம் இது; இந்த இனத்தின் வேறோர் உடல் 2018இல் இணைய ஏலத்தில் 9,100 டாலருக்குப் போனது. உயிரோடு இந்த இனம் படமெடுக்கப்பட்டதோ அடுத்த ஆண்டுதான். எங்கே கிடைக்கிறது என்று நாம் துல்லியமாக எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் சேகரிப்பாளர்களுக்கு வழிகாட்டியாகிவிடும் அபாயத்தையும் இங்கே பேசியாக வேண்டும்.

இன்னொன்று. படிக்கப்படவுள்ள கட்டுரைகளில் தேனீ இருக்கிறது, கிளி இருக்கிறது, கறையானைத்தான் காணோம். காடு அழிந்து தோட்டமாகும்போது மரப்புற்றுகள் எத்தனை மிஞ்சும்? அவற்றில் எத்தனை, குடைவதற்கேற்ற அளவுக்கு வளர்ந்தவை? விவாத நேரத்தில் இந்தக் கேள்விகளை நானே எழுப்புவேன். கட்டுரையாளர்கள் தயாராக இருக்கட்டும்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.