தேசியப் பொருட்காட்சிசாலையும் நாமும்



ஓய்வு நாளில் கோலாலம்பூருக்குச் செல்லும் நாம், பத்துமலை முருகனை வழிபடுகிறோம். கடைவீதியில் துணிமணி வாங்குகிறோம். பொழுது சாய்ந்ததும் தோட்டத்துக்குத் திரும்பிவிடுகிறோம். தாமான்சாரா சாலையில், ஏரிப் பூங்காவுக்கு அருகே உயர்ந்த கூரையுடன் விளங்கும் தேசியப் பொருட்காட்சிசாலையைப் பேருந்திலிருந்தபடியே பார்த்துக் கடந்துவிடுவோரே நம்மில் மிகுதி. ‘அது படித்தவர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் பார்க்கும் இடம், நமக்கு அங்கே என்ன இருக்கிறது?’ என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் அக்கட்டடத்தின் கதையை அறிவோம். அவ்விடத்தில் 1906ஆம் ஆண்டிலேயே சிலாங்கூர் பொருட்காட்சிசாலை எழுந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 மார்ச் மாதம், நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூர் இரயில் பட்டறைகளைக் குறிவைத்து வீசிய குண்டுகளால் அது சிதைந்தது. நாடு விடுதலை பெற்ற பின், அதே இடத்தில் மலாய்க் கட்டடக் கலை மரபைத் தழுவி எழுப்பப்பட்டதே இன்றைய மாளிகை. 1963 ஆகஸ்டு 31ஆம் நாள் அது திறந்து வைக்கப்பெற்றது. வாயிலின் இருபுறமும் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து ஆக்கிய இரு பெருஞ்சுவரோவியங்கள் உள்ளன. ஒன்று நாட்டின் வரலாற்றையும் மற்றொன்று மக்களின் கைத்தொழில்களையும் காட்டுகின்றன. எழுத்தறியாத முதியோரும் கண்ணால் படிக்கத்தக்க பாடங்கள் அவை.

உள்ளே நான்கு காட்சிக்கூடங்கள். தொல்பழங்காலம், மலாய் அரசுகளின் காலம், அந்நியர் ஆட்சிக் காலம், இன்றைய மலேசியா என அவை வரிசையாக அமைந்துள்ளன. அவ்வரிசையிலேயே பார்த்துச் செல்வது நன்று.

தொல்பழங்காலத்தைப் பேசும்போது ‘பேராக் மனிதனை’ நாம் மறக்கலாகாது. லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையொன்றில் கண்டெடுக்கப்பட்ட அந்த எலும்புக்கூடு ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அம்மனிதருக்குப் பிறவியிலேயே ஒரு கை ஊனம். ஆயினும் அவர் முதுமையை நெருங்கும் வரை வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கற்கருவிகளுடன் மதிப்போடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உழைக்க இயலாதவரையும் உடன் வைத்துக் காக்கும் பண்பு இம்மண்ணில் எத்துணைப் பழமையானது என்பதை இதனால் உணர்கிறோம்.

அடுத்து, கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள், தமிழகத்துக்கும் இந்நாட்டுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடல் வாணிபத் தொடர்பு உண்டென்பதற்குச் சான்று. நம் முன்னோர் ‘கடாரம்’ என்றழைத்தது அப்பகுதியையே. இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரம் வரை வந்ததைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும் கூறுகிறது.

இனி, நம் கைகள் நன்கறிந்த பால்மரத்துக்கு வருவோம். பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து வளர்ந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிட்லி ஆய்ந்து பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே ரப்பரின் தேவையும் பெருகிற்று. காடுகள் தோட்டங்களாயின. ஒப்பந்த முறையிலும், பின்னர்க் கங்காணி முறையிலும் நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தனர். ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. கங்காணிகள் ஆள்சேர்ப்பது 1938இல் நின்றது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டோரில் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. அவர்களுள் தோட்டத் தமிழர் மிகப் பலர்.

அன்பர்களே! அரசர்களின் பெயர்கள் கல்வெட்டில் நிற்கின்றன. ஆளுநர்களின் பெயர்கள் ஏடுகளில் நிற்கின்றன. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கின் ஒளியில் மரம் வெட்டிய நம் பாட்டிமாரின் பெயர்கள் எங்கே நிற்கின்றன? பெரும்பாலும் நம் நினைவில் மட்டுமே. இன்று எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் விட்டுவிட்டன. லயங்கள் இடிபடுகின்றன; குடும்பங்கள் நகரங்களுக்குச் சிதறுகின்றன. வீடு மாறும் நாளில், பழைய உளியையும் மங்கையும் காண்டாக் கம்பையும் குப்பையென்று எறிந்துவிடுகிறோம். பாட்டனாரின் பழைய அடையாள அட்டையையும் கறுப்பு வெள்ளைப் படங்களையும் கறையானுக்கு விடுகிறோம். பொருட்காட்சிசாலைக் கண்ணாடிப் பேழைக்குள் உள்ளவையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் புழங்கிய பொருள்களே. ஒருவர் பாதுகாத்ததனால் அவை வரலாறாயின.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பொருட்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்வோம். தோட்டத்து இளைஞர்களும் மாதர்களும் பள்ளியும் ஒன்றுகூடினால், ஒரு பேருந்தைப் பேசிக்கொண்டு குறைந்த செலவில் சென்று வரலாம். இப்போது பொருட்காட்சிசாலைக்கு அருகிலேயே இரயில் நிலையமும் உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட விரையாமல், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளை மனத்தில் நிறுத்தி, வீடு திரும்பியபின் அதைப் பற்றிப் பேசச் சொல்வோம். முதியோரை உடன் அழைத்துச் செல்ல மறவாதீர்கள். அங்குள்ள ஒரு பழைய படமோ கருவியோ அவர்களின் நினைவைத் தூண்டும். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தோம், கோயிலைக் கட்டியோர் யார், பள்ளிக்கு முதல் ஆசிரியர் யார் என்பன அதில் இடம்பெற வேண்டும். பழைய கருவிகளையும் படங்களையும் பெயரும் ஆண்டும் குறித்து, பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ ஓர் அலமாரியில் காத்து வைப்போம்.

நாட்டின் வரலாற்றைக் காணச் செல்லும் நாம் விருந்தினராகச் செல்லவில்லை. அவ்வரலாற்றை உழைப்பால் ஆக்கியோரின் பேரப்பிள்ளைகளாகச் செல்கிறோம். தலைநிமிர்ந்து செல்வோம், கண்டதைப் பிள்ளைகளுக்குக் கூறுவோம், நம் கையில் எஞ்சியிருப்பதைக் காப்போம்.